அடிச்சத்தம் யாருடையது?
கானாவும் எலக்ட்ரானிக் பாஸும்

1

கொஞ்ச நாளைக்கு முன் மாணவத் தோழர்கள் சிலரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது இசை பற்றிப் பேச்சு வந்தது. 'பாஸ் மியூசிக்' சென்னைக்கு எப்போது வந்தது என்று ஒரு தோழர் கேட்டார். இன்னொருவர், அது நட்சத்திர ஓட்டல் கிளப்புகளுக்கு வெளிநாட்டு டிஜேக்கள் கொண்டுவந்தது, அங்கேயிருந்து சினிமாவுக்கு இறங்கியது, பிறகு கல்யாண மண்டபத்துக்கும் சேரிக்கும் இறங்கியது என்று விளக்கினார். 'இறங்கியது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து கீழே. சாமியிலிருந்து சத்தம் வரைக்கும் எல்லாமே நமக்கு மேலிருந்துதான் இறங்கியாக வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் 'எல்லாம் நம்மகிட்டருந்துதான் போச்சு' என்று பெருமையடிக்கிற ஆளாக நின்றிருப்பேன். பழம்பெருமை பேசுவது ஆதிக்கச் சாதிக்காரனின் வியாதி, அது நமக்கு வேண்டாம். ரிதம் மிஷினை ராயப்பேட்டை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த மிஷின் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கிற சத்தத்துக்கு ஆடத் தெரிந்த உடம்பு இங்கே இருந்தது. பாஸின் வரலாறு மிஷினின் வரலாறு மட்டுமல்ல, அந்த உடம்பின் வரலாறும்தான். இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் மிஷினிலிருந்து தொடங்குகிறார்கள். நான் தோலிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வளர்ந்த ராயப்பேட்டையில் தோலுக்கு இரண்டு விலாசம் உண்டு. ஒன்று, டி.டி.கே. சாலையில் இருக்கிற மியூசிக் அகாடமி. மார்கழி வந்தால் அங்கே மிருதங்கத்தின் தோல் பேசும். இன்னொன்று, எங்கள் தெருக்களிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்குப் போகிற வழி. வருசம் பூரா அங்கே சட்டியும் பறையும் பேசும். இரண்டுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். முதல் தோலைக் கேட்க டிக்கெட் வாங்குகிறார்கள், இரண்டாவது தோலைக் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

2

நான் பேசுகிற சத்தம் எது என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கானாவின் குரலையும் சாவு மேளத்தின் நடையையும் வைத்துக்கொண்டு, அடியில் கம்ப்யூட்டரில் செய்த பாஸைப் போட்டு, சென்னைப் பையன்கள் செய்துவருகிற பாட்டு. கானா ரீமிக்ஸ், டிஜே கானா, குத்து மிக்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எந்தப் பெயரும் நிலைக்கவில்லை. கிளப்பில் பிறந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனிப் பெயரும் வம்சாவளியும் எழுதிவைத்திருக்கிற விமர்சனம், இதைக் கண்டால் 'லோக்கல்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கிறது.

கானா சாவு வீட்டில் வளர்ந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டிய தெருவில், செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லி, அழவைத்து, நடுவில் சிரிக்கவும் வைத்துப் பாடுகிற பாட்டு. தீப்பெட்டியிலும் மேசையிலும் பானையிலும் தட்டிப் பாடியது, பிறகு டோலக் வந்து சேர்ந்தது. விடிந்தால் பாட்டு நிற்கும், மேளம் எடுக்கும்.

இந்த மேளத்தின் நடை மும்மூன்றாக உருள்கிற நடை. சபாக்காரர்கள் இதைத் திஸ்ரம் என்பார்கள், சினிமாக்காரர்கள் டப்பாங்குத்து என்பார்கள். ஒரு சுற்றைப் பன்னிரண்டு சிறு அடிகளாக வைத்துக்கொண்டால் மூன்று மூன்றாக நான்கு கட்டு வரும். கிளப் இசையின் கிக் டிரம் சுற்றுக்கு நாலு முறை ஒரே சீராக விழும். பையன்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அந்த நாலு கிக்கையும் நாலு கட்டின் தலையில் உட்காரவைக்கிறார்கள். மேலே மிஷினின் ஹை-ஹாட் ஒவ்வொரு கட்டையும் நாலாக வெட்டும், உள்ளே சட்டி மூணாக உருளும். மூணுக்கும் நாலுக்கும் நடக்கிற இந்தச் சண்டைதான் பாட்டின் உயிர். கிக்கை மட்டும் கேட்டால் கால் ஆடும். சண்டை கேட்டால்தான் தோளும் இடுப்பும் ஆடும். இதை எந்த மென்பொருளும் சொல்லித்தரவில்லை. பிண ஊர்வலத்துக்கு முன்னால் சின்ன வயசிலிருந்தே ஆடிய உடம்பு சொல்லித்தந்தது.

அடியில் வருகிற பாஸுக்கு வேறொரு கதை. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி 1980இல் டிஆர்-808 என்ற ரிதம் மிஷினைக் கொண்டுவந்தது. அதன் கிக் டிரம் பதிவு செய்த சத்தம் இல்லை, மின்சுற்று அதிர்ந்து உண்டாக்குகிற சத்தம். திருகைத் திருப்பினால் 'தும்' என்ற அடி 'தூம்ம்ம்' என்று நீளும். நிஜ டிரம் மாதிரி இல்லையே என்று ஓரங்கட்டினார்கள், 1983இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைத்ததை அமெரிக்கக் கறுப்பு இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டா 1982இல் வெளியிட்ட 'பிளானெட் ராக்' அந்த மிஷினின் சத்தத்தை உலகத்துக்குக் காட்டியது. மேல்தட்டு வேண்டாமென்று தள்ளிய பொருளைக் கீழ்த்தட்டு கலையாக்கியது. இந்த விசயத்தில் நம்மாளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செத்த மாட்டின் தோலைத்தானே நாம் பேசவைத்தோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிற சத்தத்தைக் காது கேட்பதைவிட உடம்பு வாங்குவதுதான் அதிகம். அதற்குப் பெரிய பெட்டி வேண்டும். ஆனால் எங்க பையன்கள் பாட்டைச் செய்வதும் கேட்பதும் பெரும்பாலும் செல்போனில். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கவே முடியாது. அதனால் அவர்கள் பாஸை வேண்டுமென்றே சிதைக்கிறார்கள், கரகரப்பாக்குகிறார்கள். சிதைத்தால் அடிச்சத்தத்தின் மேல் அடுக்குகள் எழும்பும். அந்த மேல் அடுக்குகளைக் கேட்கிற காது, அடியில் இல்லாத சத்தத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். 'இரைச்சல், ரெக்கார்டிங் சரியில்லை' என்று மேட்டுக்குடி ரசிகர் முகம் சுளிக்கிற இடம் இதுதான். அவர் குறை என்று நினைப்பது, கையில் இருக்கிற கருவிக்குள் பாஸை நுழைத்த தொழில்நுட்பம்.

3

உலகத்தில் வேறெங்கே இப்படி நடந்தது என்று பார்த்தால் நமக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1950களிலேயே லாரியில் பெட்டிகளை ஏற்றித் தெருவில் இறக்கி ஆடவைத்த 'சவுண்ட் சிஸ்டம்' வந்துவிட்டது. கிளப்புக்குள் போகக் காசில்லாத அடிமை வம்சத்து மக்களின் நடன அரங்கு அது. அங்கே ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்த்த கிங் டப்பி என்பவர், 1970களின் தொடக்கத்தில், பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு டிரம்மையும் பாஸையும் மட்டும் நிறுத்தி, எதிரொலி சேர்த்து, 'டப்' என்ற இசையை உண்டாக்கினார். அந்த மக்கள் லண்டனுக்குக் கப்பலேறியபோது பெட்டியும் போனது. 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனின் குராய்டனில் விடலைப் பையன்கள் அதன் பேரப்பிள்ளையாக 'டப்ஸ்டெப்' செய்தார்கள். அலையலையாகப் புரண்டு இழுபடுகிற பாஸ் அதன் அடையாளம். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் கறுப்பர் குடியிருப்புகளில், 2010ஐ ஒட்டி, மலிவான கம்ப்யூட்டரில் 'கோம்' என்ற இசை பிறந்தது. இருட்டான சத்தம், உடைந்து உடைந்து விழுகிற அடி.

டப்ஸ்டெப்பின் இழுபடும் பாஸை முதலில் கேட்டபோது எனக்கு உருமி ஞாபகம் வந்தது. உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அடிப்பதில்லை, தேய்ப்பது. கனத்த சத்தம் ஏறி இறங்கி முனகும். தோலில் கை செய்கிற வேலையை அங்கே மின்சாரம் செய்தது, அவ்வளவுதான். லண்டன்காரன் நம்மைப் பார்த்துச் செய்தான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் உடம்பு கேட்டது ஒன்று என்கிறேன்.

நேரடியாகப் பார்த்துச் செய்ததும் உண்டு. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர், தன் தாயின் பெயரிட்ட 'கலா' ஆல்பத்தை 2007இல் வெளியிட்டார். அதில் உருமியின் கூட்டு வாசிப்பு முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. அகதி வாழ்க்கையை அறிந்த ஒரு தமிழ்ப்பெண் நம் மேளத்தை எலக்ட்ரானிக் நடன இசையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுபோனதை நான் சந்தோசமாகவே பார்க்கிறேன். ஆனால் அந்த ஆல்பம் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இசைத் தயாரிப்பாளர்களின் பெயர்கள் வந்த அளவுக்கு உருமி அடித்தவர்களின் பெயர் வரவில்லை. கிங் டப்பியின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. டர்பன் பையன்களின் பெயர் பத்திரிகையில் வருகிறது. நம் மேளக்காரர் மட்டும் 'நாட்டுப்புறத் தாளம்' என்ற சொல்லுக்குள் காணாமல் போகிறார்.

4

தோலுக்கும் மிஷினுக்கும் உள்ள அரசியலை இங்கேதான் பேச வேண்டும். சாதி தொடுவதில் இருக்கிறது, தீட்டு தோலில் இருக்கிறது. மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் உண்டு. வாசிக்கிறவர் வித்வான். தோலைப் பதப்படுத்தி வார்பிடித்துத் தருகிறவர் பெரும்பாலும் தலித், அதிலும் தலித் கிறித்துவர். இந்தக் கைகளின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோல் மேடையேறலாம், தோலின் கதை மேடையேறக் கூடாது.

கிருஷ்ணாம்பேட்டை வழியில் இந்த ஒளிவுமறைவு கிடையாது. அங்கே தோலும் கையும் ஒன்றாகவே வரும், தீட்டும் சேர்ந்தே வரும். ஆகவேதான் நம் இயக்கங்களுக்குள் இந்த மேளம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டை இழுப்பதை நிறுத்துங்கள் என்று தன் மக்களைக் கேட்டார். அந்த வழியில், ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. சொன்னதற்காக அடிபட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், பறையை விடுதலையின் கருவியாக மீட்டெடுக்க வேண்டும் என்று 1990களின் தலித் கலை விழாக்கள் சொல்லின. கீழே போடு என்பது ஒரு குரல், தூக்கிப் பிடி என்பது இன்னொரு குரல். இரண்டிலும் நியாயம் உண்டு. கூலிக்கும் சாதிக்கும் கட்டுப்பட்டு அடிப்பது வேறு, நாமாக எடுத்து அடிப்பது வேறு.

மிஷின் வந்து மூன்றாவது வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. அதில் தோல் இல்லை. தொட வேண்டியதில்லை. நெருப்பில் காய்ச்ச வேண்டியதில்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. அப்படியானால் தீட்டு கழன்றுவிட்டதா? இந்தக் கேள்வியோடுதான் நான் இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கழன்றது தோல்தான், சாதி அல்ல என்று எனக்குப் படுகிறது. மிஷினுக்குள் போன சத்தத்திலிருந்து தீட்டோடு சேர்த்து ஆளையும் கழற்றிவிடுகிறார்கள். சத்தம் சுத்தமாகிறது. சுத்தமான சத்தம் எந்த மண்டபத்திலும் நுழையலாம். ஆள் நுழைய முடியாது.

5

சினிமா இதை முதலில் செய்தது. 1990களில் தேவாவின் இசையில் கானா தமிழ்நாடு பூரா ஒலித்தது. ஆனால் திரையில் அது குடிகாரனுக்கும் பொறுக்கிக்கும் காமெடியனுக்குமான பாட்டாகவே பெரும்பாலும் வந்தது. சாவு வீட்டில் பிறந்த பாட்டிலிருந்து சாவை எடுத்துவிட்டுக் கூத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2012இல் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடியபோதுதான், கானா தன் சொந்தத் தெருவோடு திரைக்கு வந்ததாக எனக்குப் பட்டது.

பிறகு 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு அதை எழுதினார். டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார், பாட்டி கதை உலக டான்ஸ் ஃப்ளோருக்குப் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், அறிவு பங்கேற்ற பாட்டுகளைக் கொண்டாடும் அட்டையை அறிவு இல்லாமலே போட்டது. ரஞ்சித் கேட்டார், நாமும் கேட்டோம், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அது கூட்டு உழைப்பு என்றும், அறிவின் பங்கைத் தாங்கள் ஒருபோதும் மறைத்ததில்லை என்றும் தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கினார்கள். அவர்கள் விளக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையில்லை. என் கேள்வி தனிமனிதர்கள் பற்றியதல்ல. அட்டையும் மேடையும் ஒரு ஆளை விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது, விடப்படுகிற ஆள் ஏன் மறுபடி மறுபடி சேரியிலிருந்து வந்தவராகவே இருக்கிறார்?

குரலை எடுப்பது தன்னளவில் குற்றமில்லை. கிங் டப்பியும் குரலை எடுத்தார்தான். ஆனால் அவர் தன் தெருவின் பாட்டை, தன் தெரு ஆடுவதற்காக, தன் பெயரில் எடுத்தார். யார் எடுக்கிறார், யாருக்காக எடுக்கிறார் என்பதில்தான் டப்புக்கும் களவுக்கும் வித்தியாசம்.

இதற்கு நம் தரப்பிலிருந்து வந்த பதில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், பத்தொன்பது பேரோடு, தென்மாவின் இசை அமைப்பில் முதல் கச்சேரி. சட்டியும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில், ஒவ்வொருவரும் முகத்தோடும் பெயரோடும். 2020 திசம்பரிலிருந்து 'மார்கழியில் மக்களிசை' நடந்தது. சபாக்களின் மாதத்திலேயே நம் மேளம் மேடையேறியது. அந்தக் குழுவின் பெயரே ராயப்பேட்டையிலிருந்து போனதுதான். 1907 சூன் 19 அன்று இங்கேயிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், நம்மைச் சாதிபேதமற்ற தமிழர் என்று சொல்லச் சொன்னவர். 'பறையர்' என்பது பகைவர் இட்ட பெயர் என்று வாதாடியவர். யார் பெயர் வைப்பது என்பதே அரசியல் என்று நூறு வருசத்துக்கு முன் இந்தத் தெருவில் எழுதியாகிவிட்டது.

நம் குறையையும் சொல்லிவிட வேண்டும். கானா ஆம்பளைப் பாட்டாகவே வளர்ந்திருக்கிறது. இசைவாணி மேடையேறிப் பாடி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற பிறகும், மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டைச் செய்கிற இடத்தில் பெண்களைத் தேட வேண்டியிருக்கிறது. காதலித்த பெண்ணைத் திட்டுவதற்கென்றே எழுதப்படுகிற கானாக்களுக்கு நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம். பாஸ் நன்றாக இருக்கிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

6

இதுவரைக்கும் எழுதியதை இங்கேயே முடித்து, 'பெயரைப் போடு' என்று ஒரு கோசம் வைத்திருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு விசயம் நடந்தது.

எங்க ஏரியாவில் சட்டி அடித்த பெரியவர் ஒருவர். அவர் யாரென்று காட்டுகிற எதையும் நான் எழுதப்போவதில்லை, காரணம் தானே வரும். தெருப் பையன் ஒருவன் லேப்டாப்பில் பாட்டு செய்கிறவன். நெட்டில் கிடைக்கிற 'இந்தியன் டிரம்ஸ்' சத்தத்தை வைத்து அலுத்துப்போய், நம்ம தாத்தாவின் கையையே பதிவு பண்ணுவோம் என்று கிளம்பினான். நானும் கூடப் போனேன். ஒரு மத்தியானம் முழுக்க அடித்தார். தனி அடி, உருட்டு, பிணம் எடுக்கும்போது அடிப்பது, சுடுகாட்டு வாசலில் அடிப்பது. பையன் ஒவ்வொன்றையும் வெட்டி, கீழே 808ஐ நீட்டிவிட்டு ஓட்டிக் காட்டினான். பெரியவர் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னாடா இது, சூடே காட்டாம தோலு பேசுது" என்றார். சிரித்தார்.

பாட்டில் உங்க பேரைப் பெருசாப் போடுறோம் தாத்தா என்றான் பையன். நானும் அது எவ்வளவு முக்கியம் என்று, இந்தக் கட்டுரையில் எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பேர்லாம் வாணாம்பா. பேத்திக்கு வரன் பாத்துனுக்கீறோம். இவன் சாவுக்கு அடிக்கிறவன்னு போய் நிக்கும்."

எனக்குப் பதில் இல்லை. பெயரை மறைப்பது ஆதிக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால், மறைத்துக்கொள்வதைப் பாதுகாப்பாகக் கேட்கிறார் ஒருவர். அவர் வெட்கப்படவில்லை. அன்றைக்கு அடித்த அடியில் வெட்கம் துளிக்கூட இல்லை. பெயரின் விலையை அவர் கணக்குப் பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை. என் பெயர் அச்சில் வந்தால் எனக்குப் பாராட்டு வரும். அவர் பெயர் வந்தால் அவர் வீட்டுக்கு வருகிற சம்பந்தம் நின்றுபோகும். நான் புகழ் என்று நினைத்தது அவருக்குத் தகவல். சாதிக்காரன் கையில் கிடைக்கக் கூடாத தகவல்.

ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். அடுத்தவன் எடுத்துவிடுகிற பெயர் வேறு, தானே வைத்துக்கொள்கிற பெயர் வேறு. முதலாவது களவு, இரண்டாவது உரிமை. விமர்சகன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அட்டையில் விட்டுவிடுகிறவனும் தீர்மானம் பண்ணுகிறான், கட்டாயம் போடுவேன் என்கிற நானும் தீர்மானம் பண்ணுகிறேன். பெரியவரைக் கேட்டுத் தீர்மானிப்பதுதான் இன்னும் பாக்கி. அதே நேரத்தில், பெயர் போட்டால் பேத்தியின் கல்யாணம் நிற்கும் என்கிற நிலைமையை உரிமை என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அந்த நிலைமையை உடைக்கிற வேலை பாஸ் செய்யாது, ரீமிக்ஸ் செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பாட்டு இன்னும் வெளிவரவில்லை. காசு வந்தால் பெரியவருக்கு எவ்வளவு என்று பையன் நோட்டில் எழுதி அவரிடம் காட்டியிருக்கிறான். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான். போன வாரம் பெரியவரைப் பார்த்தபோது மறுபடி கேட்டேன். "பேத்தி கண்ணாலம் முடியட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்.

காத்திருக்கிறோம். தோழர்கள் விவாதிக்க வேண்டும்.